காது அவர்களுக்கு, தலை எங்களுக்கு

உள்ளே வாருங்கள் ஐயா. அவர் இல்லை. ரேஷன் கடையில் இன்று சரக்கு இறங்குகிற நாள், வர நேரமாகும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள். ஒரு கால் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டால் நிற்கும். நான் இப்படிக் கதவோரம் நின்றுகொள்கிறேன். ஆம்பளைகள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இந்தச் சுரண்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எடைபோடுகிற திருமலைக்குமார் பெண்டாட்டி செண்பகத்துக்கு வாய் இருக்கிறதா என்று. இல்லை என்றுதான் சொல்வார்கள்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். கோயில் கொடைத் திருவிழா முடிந்து இன்னொரு பட்டிமன்றம் வைக்கிறார்கள், அவரைப் பேசக் கூப்பிட வந்திருக்கிறீர்கள். நடுவர் ஐயாவே வீடு தேடி வந்தார் என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. சொல்கிறேன், வந்ததும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கலாமா? நடுவர் என்றால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும்? அன்றைக்கு மேடையில் அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் மூன்று பேர். என் பக்கம் யார் ஐயா பேசினார்கள்?

பூரணி, ஐயா செருப்பை எடுக்காதே. வா இங்கே.

எங்கள் தெருப் பட்டிமன்றம் என்றால் மாமியாரா மருமகளா, பணமா குணமா, இப்படித்தான் இருக்கும். நாங்களும் கடலை கொறித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுவோம். இந்த வருஷம் கமிட்டித் தலைவர் மகன் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தான். பந்தல் செலவு என்னுடையது, தலைப்பும் என்னுடையது என்றான். ஐரோப்பியத் தலைவர்களின் ராஜதந்திரம் உலகுக்குத் தந்தது வெற்றியா தோல்வியா. அம்மன் கோயில் கொடையில் இது! இவருக்கு வெற்றி என்று பேசச் சீட்டு விழுந்தது. அவ்வளவுதான். என் வீட்டில் ஐரோப்பா குடிவந்துவிட்டது.

ஒரு மாசம் ஐயா. பல் விளக்கினால் பிரான்ஸ், சோறு தின்றால் ஜெர்மனி. லைப்ரரியிலிருந்து புஸ்தகம் புஸ்தகமாகக் கொண்டுவந்தார். சமையல்கட்டில் நான் உட்கார்ந்திருப்பேன், இவர் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவையோரே!" என்பார். நான்தான் அவை. கை தட்டச் சொன்ன இடத்தில் தட்ட வேண்டும். இடுப்பில் பிள்ளை இருந்தால் தொடையில் தட்ட வேண்டும். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனாலும் காது இருக்கிறதல்லவா? கேட்கக் கேட்க உள்ளே போய்விட்டது. பேர்கள்தான் வாயில் நுழையாது. அதனால் நானே பேர் வைத்துக்கொண்டேன். குடைக்காரர். மூக்குக்காரர். மண்டியிட்டவர்.

அந்தக் குடைக்காரர் இருக்கிறாரே, சேம்பர்லின், இங்கிலாந்துக்காரர். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். ஹிட்லர் பக்கத்து நாட்டில் ஒரு துண்டைக் கேட்கிறான். கேட்கிறவன் கேட்பான். இவர் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிப் போகிறார். நான்கு நாட்டுப் பெரிய மனுஷர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, சரி, வெட்டி எடுத்துக்கொள் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். யாருடைய நாட்டை வெட்டினார்களோ, அந்தச் செக்கோஸ்லோவாக்கியாக்காரர்களை உள்ளேயே விடவில்லை. ஓட்டலில் காத்திரு என்று உட்கார வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு, முடிவாகிவிட்டது என்று சொன்னார்களாம்.

எனக்கு மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "அந்த ஆளுகள் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஆளுக?"

"ஓட்டல்ல உட்கார்ந்திருந்தவங்க."

"அவங்க என்ன சொன்னா என்னட்டி? இதுல பாயிண்ட் அது இல்ல. சேம்பர்லின் ஒரு வருஷம் டைம் வாங்கிட்டார். அந்த ஒரு வருஷத்துல இங்கிலாந்து ஆயுதம் சேர்த்துச்சு. சின்னதைக் கொடுத்துப் பெருசைக் காப்பாத்துனார். அதுதான் ராஜதந்திரம். இங்கதான் கை தட்டணும்."

நான் தட்டவில்லை. கையில் மாவு என்று சொல்லிவிட்டேன்.

தோல்வி என்று பேசினாரே, அந்தக் கல்லூரி டீச்சர், அவரும் இரண்டு உலகப் போர், இத்தனை கோடி சாவு என்று அடுக்கினாரே தவிர, ஓட்டலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஏன் அது உறுத்தியது தெரியுமா? நானும் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. இதோ இந்தச் சமையல்கட்டில்.

பூரணிக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். இவர்கள் சாஸ்தா கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது, எங்கள் பிறந்த வீட்டுச் சாஸ்தா மலையடிவாரத்தில். பிள்ளை அப்பன் வீட்டுப் பிள்ளை, அதனால் எல்லாம் எங்கள் கோயிலில்தான் என்று இவர் சொன்னார். என் அண்ணன் மாரித்துரை விடவில்லை. பாவூர்ச்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டியில் இருக்கிறான், குரல் பெரிதாக இருக்கும். பிரசவத்தில் நான் பிழைப்பேனா என்று கிடந்தபோது, பிள்ளையும் தாயும் நல்லபடியாக வந்தால் பிள்ளைக்கு எங்கள் சாஸ்தா முன்னால் காது குத்துகிறோம் என்று நேர்ந்திருக்கிறது. நேர்ந்தது மதினிதான், அண்ணன் பெண்டாட்டி இசக்கி. ஆஸ்பத்திரியில் என்கூட இருந்தவள் அவள்தானே, அங்கேயே தாலியில் மஞ்சள் துணி முடிந்துகொண்டாள். ஆனால் வீட்டுக்குப் பெரியவன் அண்ணன், அதனால் அண்ணன் நேர்த்திக்கடன் என்றுதான் பேச்சு.

இதைப் பேசித் தீர்க்க அண்ணன் வந்தான். இவரும் அவனும் இந்த அறையில் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளே காப்பி போட்டேன், வடை போட்டேன், மறுபடி காப்பி போட்டேன். தட்டைக் கதவிடுக்கில் வாங்கிக்கொண்டார்கள். பத்து மாசம் சுமந்தவள் நான், தையல் போட்டுப் பெற்றவள் நான். கடைசியில் கதவு திறந்தது. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு.

"மொட்டை எங்க கோயில்ல, காது உங்க அண்ணன் கோயில்ல," என்றார் இவர். "முடிவாயிட்டு."

பிள்ளையைத் தேங்காய் மாதிரி உடைத்துப் பங்கு போட்டுவிட்டு, முடிவாகிவிட்டதாம்! எனக்கு எங்கே பிடிக்கும், எப்போது பிடிக்கும், பிள்ளைக்குச் சளி இருக்கிறதா, ஒரு வார்த்தை? சரி, சண்டை இல்லாமல் முடிந்ததே என்று வாயை மூடிக்கொண்டேன். மொட்டை போட்டாயிற்று. பாருங்கள், இப்போதுதான் முள்முள்ளாக முளைக்கிறது. காது மட்டும் பாக்கி. வருகிற வெள்ளிக்கிழமை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி குத்த வேண்டும்.

இதற்கு நடுவில்தான் உங்கள் பட்டிமன்றம். என் அண்ணனும் மதினியும் பாவூர்ச்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பேசுவதைக் கேட்க. பிளெக்ஸில் இவர் பேரைப் பார்த்ததும் அண்ணன் பக்கத்திலிருந்தவரிடம், "சொற்சுடர்னு போட்டிருக்குல்லா, அது எங்க மாப்பிள்ளைதான்," என்றான். நான் என் காதால் கேட்டேன்.

மேடையில் முதலில் நன்றாகத்தான் போனது. மூக்குக்காரர், அந்தப் பிரான்ஸ் தலைவர், ஜெர்மனிக் கிழவரைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்ததை இவர் நடித்துக் காட்டினார் அல்லவா? எனக்கு அது பிடிக்கும். மூன்று தடவை யுத்தம் பண்ணி லட்சம் லட்சமாக ஒருத்தரையொருத்தர் கொன்றவர்கள். பிறகு நிலக்கரியையும் இரும்பையும் பொதுவில் போட்டு, இனிமேல் சேர்ந்து உலை வைப்போம் என்றார்கள். அது வெற்றிதான், நான் ஒத்துக்கொள்கிறேன். பிறகு மண்டியிட்டவர். ஜெர்மனிக்காரர். யூதர்களைக் கொன்ற ஊருக்குப் போய், யாரும் சொல்லாமல், செத்தவர்களுக்கு நட்ட நினைவுக் கல்லுக்கு முன்னால் ஈரத் தரையில் முட்டி போட்டாரே. அவர் கொல்லக்கூட இல்லையாம், ஹிட்லரை எதிர்த்து ஊரைவிட்டே ஓடினவராம். இருந்தும் முட்டி போட்டார். அத்தனை பேரிலும் ஆம்பளை அவர் ஒருத்தர்தான் என்பேன்.

அதோடு இறங்கியிருக்கலாம். கை தட்டல் போதவில்லை இவருக்கு. ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள், டீச்சர் கட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிவிட்டார்கள். உடனே குடைக்காரரைப் பிடித்தார். பிடித்து, "அவையோரே, சின்னதைக் கொடுத்துப் பெருசைக் காப்பது எப்படி? லண்டன் வரை போக வேண்டாம். என் வீட்டுக்கு வாருங்கள். என் மச்சான் என் பிள்ளையின் முழுத் தலையையும் கேட்டு வந்தார். நான் காதை மட்டும் கொடுத்து அனுப்பினேன்! தலை எனக்கு, காது அவருக்கு! இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், வாங்கிக்கொண்ட காதோடு!"

ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. விசில். ஐயா, நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் பொன்னாடை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தவர்கூடச் சிரித்தார். சிரித்ததோடு விட்டீர்களா? தீர்ப்பு சொல்லும்போது, "காதைக் கொடுத்துத் தலையைக் காத்த நம் திருமலைக்குமார் ஒருவரே போதும், ராஜதந்திரம் வெற்றியே!" என்றீர்கள். அப்போது மூன்றாவது வரிசையைப் பார்த்தீர்களா? இரண்டு நாற்காலி காலி. முதலில் எழுந்தவள் மதினி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். அண்ணன் பின்னாலேயே போனான். அவளுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேலி பண்ணியது அண்ணனைத்தானே? அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை, இந்தச் சடங்கு சாங்கியத்தில் அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

மறுநாள் அண்ணன் போன். "காதும் வேண்டாம், தலையும் வேண்டாம். ரெண்டையும் ஒன் புருஷன் மேடையில வச்சு ஏலம் போட்டுக்கிடட்டும். நான் மடி தர மாட்டேன்." வைத்துவிட்டான்.

நான் இவரிடம் போய் நின்றேன். "பாவூர்ச்சத்திரம் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"நான் எதுக்குப் போகணும்? பேச்சுனா பேச்சுதான். ஒன் அண்ணனுக்கு ஹாஸ்யம் தெரியல."

"அந்த ஜெர்மனிக்காரரு முட்டி போட்டாருல்லா?"

"ஏட்டி, அது நாடு. இது மச்சான். நாட்டுக்கு முட்டி போட்டா சரித்திரம், மச்சானுக்கு முட்டி போட்டா ஊர் சிரிக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்கலையாக்கும்?"

"முதல்ல அவன் போன் பண்ணட்டும். அப்புறம் பாக்கலாம்."

அண்ணனுக்கு நான் போன் போட்டால், "முதல்ல மாப்பிள்ளை வரட்டும், அப்புறம் பாக்கலாம்." இரண்டு பேரும் ஒரே பாட்டு. அந்தக் காலத்தில் யுத்தத்தில் தோற்ற பிரான்ஸுக்குக்கூட வியன்னா மாநாட்டில் நாற்காலி போட்டார்கள், அதனால்தான் பல வருஷம் பெரிய யுத்தம் வரவில்லை என்று இதே வாய்தானே எனக்கு அம்மியடியில் பாடம் நடத்தியது? அத்தனையும் மனப்பாடம் பண்ணத்தான், வாழ அல்ல. இந்த ஆளுக்கு ஐரோப்பாவில் யார் எங்கே தப்புப் பண்ணினான் என்று நாள், கிழமை எல்லாம் தெரியும். வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் ஓடுகிறது, அது தெரியாது.

மதினி நடுவில் மூன்று நான்கு தடவை போன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. அண்ணன் தங்கச்சி விஷயத்தில் அவள் எதற்கு? அவளோடு பேசி என்ன ஆகப்போகிறது, முடிவெடுக்கிறவளா அவள்?

வெள்ளிக்கிழமை வந்துவிடும் ஐயா. இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? எனக்கு ஒன்றுவிட்ட தம்பி எவனையாவது மாமன் முறைக்கு உட்கார வைத்துக்கொள்ளலாமாம். என் கூடப்பிறந்தவன் இருக்கும்போது? நாளைக்கு இவள் பெரிய மனுஷியாகும்போது சீர் கொண்டு யார் வருவார்கள்? கல்யாணத்தில் யார் கையைப் பிடித்து மேடையேற்றுவார்கள்? இன்றைக்கு அந்த மடி இல்லை என்றால் எனக்குப் பிறந்த வீடே இல்லை. அதுதான் விஷயம். உங்கள் பட்டிமன்றத்தின் மொத்த விஷயமும் அதுதான். வெற்றியா தோல்வியா என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்!

மன்னியுங்கள். சத்தம் கூடிவிட்டது. பிள்ளை அழுகிறாள் பாருங்கள். ஒன்றும் இல்லடா, ஒன்றும் இல்லை, அம்மா ஐயாவைத் திட்டவில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். நீங்களே பாவூர்ச்சத்திரம் போய் என் அண்ணனைப் பாருங்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள். நடுவர் சொன்னால்...

என்னது?

அங்கிருந்துதான் வருகிறீர்களா?

புரோகிராம் பேச வரவில்லையா? அப்படியானால் ஏன் இவ்வளவு நேரம் பேசாமல்... நான் எங்கே பேச விட்டேன் என்கிறீர்களா? சரிதான். யார் அனுப்பினார்கள்? மதினியா? இசக்கியா? பாவூர்ச்சத்திரத்தில் இருக்கிற உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாளா? அவளா? அண்ணனுக்குத் தெரியாமலா? அவள் எங்கள் தெருவுக்கே தனியாக வரமாட்டாளே!

என்ன சொன்னாளாம்?

அண்ணன் வரமாட்டானா? கடைசி வரைக்கும் வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறானா? சரி. சரி. அவனும் ஒரு தலைவன்தான்.

அவள் மட்டும் வருகிறேன் என்கிறாளா? எங்கள் சாஸ்தா கோயிலுக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன், அந்த நேர்த்திக்கடன் மட்டும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள் என்றாளா? இந்தப் பாவாடையை அவளே தைத்தாளா? இங்கே கொடுங்கள். கரையில் எல்லாம் கையால் பின்னியிருக்கிறாளே. அளவு யார் சொன்னார்கள்? அட, சரியாகத்தான் இருக்கிறது. பூரணி, பாரு, அத்தை தைத்தது. வாயில் வைக்காதே.

கொஞ்சம் இருங்கள் ஐயா. நான் யோசிக்க வேண்டும்.

யோசித்துவிட்டேன்.

இந்த இரண்டு ஆம்பளைகளிடமும் இனிமேல் ஒரு பேச்சும் இல்லை. ஆற்றங்கரைச் சாஸ்தாவும் வேண்டாம், மலையடிச் சாஸ்தாவும் வேண்டாம். ஆசாரியை இந்த வீட்டுக்கு வரச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில், இதே அறையில். மாமன் மடி இல்லை என்றால் அத்தை மடி. இசக்கி உட்காரட்டும், அவள் மடியில் வைத்துக் குத்தட்டும். வழக்கம் இல்லையா? இப்போது உண்டாகிறது. ஊர் பேசட்டும். இவரும் அண்ணனும் வாசலில் நிற்கட்டும், வேண்டுமானால் காப்பி கொடுத்தனுப்புகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிட்டு அப்புறம் சொல்கிறேன், முடிவாயிட்டு என்று. எப்படி ஐயா? இதுதான் ராஜதந்திரம். எந்த ஜெர்மனிக்காரனும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

இதைப் போய் மதினியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நேர்த்திக்கடனா? அதுதான் சொன்னேனே, கோயில் வேண்டாம் என்று. கோயில் என்று வாயெடுத்தாலே மறுபடியும் உங்கள் கோயிலா எங்கள் கோயிலா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவள் முடிந்து வைத்த துணியை அவிழ்த்து, ஒரு பொங்கல் வைத்து, மன்னித்துக்கொள் சாமி என்று சொல்லிக்கொள்ளட்டும். சாஸ்தா என்ன கோபித்துக்கொள்ளப் போகிறாரா? சின்னது போனால் போகிறது. மடி கிடைக்கிறதே, அது எவ்வளவு பெரிது!

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டுமா என்கிறீர்களா? என்ன ஐயா நீங்கள், இவ்வளவு படித்தவர்! அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? முடிவாகிவிட்டது என்று சொல்லுங்கள். சொன்னதும் அழுவாள். அழுதால் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.